தி நைஸ் குழுவைக் கேட்கும் முறை: ஒரே உருப்படி, இரண்டு பதிவுகள்

ராக்கோடு செவ்வியல், ஜாஸ் இசைகளைக் கலக்கும் புரோகிரசிவ் ராக் எங்கே தொடங்கியது என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கிங் கிரிம்சன், யெஸ் முதலிய குழுக்களின் பெயர்களில் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சற்று முன்னால், 1967 முதல் 1970 வரை மூன்றே ஆண்டுகள் இயங்கி, கிட்டார் இருந்த இடத்தில் ஆர்கனை உட்கார வைத்த லண்டன் குழு தி நைஸ். ஆர்வத்தோடு இந்தக் குழுவை அணுகி, ஆல்பங்களை வெளியான வரிசையில் கேட்கத் தொடங்கி, இரண்டாவது ஆல்பத்தின் பாதியில் கைவிடுவது எளிது. ஐந்து ஆல்பங்களுமே மேடுபள்ளம் மிக்கவை. அசரவைக்கும் எட்டு நிமிடங்களுக்கு அடுத்தபடியாகவே, அன்றைய லண்டன் வேடிக்கைப் பாட்டு ஒன்று வந்து நிற்கும்.

ஆனால் இந்தக் குழுவிடம் வேறு எவரிடமும் இந்த அளவுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. தங்களுடைய முக்கியமான உருப்படிகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் அவர்கள் இருமுறை பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள்: ஒருமுறை கிட்டாருடன், ஒருமுறை கிட்டார் இல்லாமல், ஒருமுறை ஸ்டுடியோவில், ஒருமுறை மேடையில், ஒருமுறை மூவராக, ஒருமுறை ஆர்க்கெஸ்ட்ராவோடு. ஒரே கீர்த்தனையை இரண்டு கச்சேரிகளில் கேட்டு ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. ஆல்பம் ஆல்பமாக அல்லாமல், இணை இணையாகக் கேட்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

முதலில் ஆட்களைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்க சோல் பாடகி பி. பி. ஆர்னால்டுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதற்காக, இமீடியட் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம் தரப்பில் 1967இல் திரட்டப்பட்ட குழு இது. ஆர்கனில் கீத் எமர்சன், பாஸ் கிட்டாரிலும் குரலிலும் லீ ஜாக்சன், கிட்டாரில் டேவிட் ஓலிஸ்ட். தொடக்கத்தில் இருந்த டிரம்ஸ் கலைஞர் விரைவிலேயே விலக, பிரையன் டேவிசன் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் விண்ட்சரில் நடந்த ஜாஸ், புளூஸ் விழாவில் தனியாக வாசிக்கக் கிடைத்த வாய்ப்பு அவர்களைப் பக்கவாத்தியத்திலிருந்து விடுவித்தது. நவம்பரில் ஜிமி ஹெண்டிரிக்ஸ், பிங்க் பிளாயிட் ஆகியோருடன் பிரிட்டன் முழுவதும் சுற்றினார்கள்; அந்தப் பயணத்தில் பிங்க் பிளாயிடின் கிட்டார் கலைஞர் சிட் பாரெட் மேடைக்கு வராத ஒரு சமயத்தில் ஓலிஸ்ட் அவருக்குப் பதிலாக வாசித்ததும் உண்டு. 1968இன் இலையுதிர் காலத்தில் ஓலிஸ்ட் விலகினார். பின்னாளில் யெஸ் குழுவில் புகழ்பெற்ற ஸ்டீவ் ஹோவ் சிறிது காலம் ஒத்திகை பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட, குழு மூவராகவே தொடர்ந்தது. ஒப்பிட்டுக் கேட்கும்போது இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

ஆர்கனுக்குக் காது பழகுதல்

இணைகளுக்குப் போகும் முன், ஹாமண்ட் ஆர்கன் எப்படி ஒலி எழுப்புகிறது என்பதை அறிந்துகொள்வது பெரிதும் உதவும். 1930களில் அமெரிக்கர் லாரன்ஸ் ஹாமண்ட் உருவாக்கிய இக்கருவியில் குழாயும் இல்லை, காற்றும் இல்லை. ஒரு மோட்டாரால் சுழலும் பல் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு காந்தத்துக்கு அருகில் சுற்றி, ஒவ்வொரு சுரத்தை மின்னலையாக எழுப்புகின்றன. பெரிய வகை ஹாமண்டுகளில் இத்தகைய சக்கரங்கள் 91 இருக்கும். விசைப்பலகைக்கு மேலே இழுத்து நீட்டும் ஒன்பது சட்டங்கள் உண்டு. டிராபார் எனப்படும் அவை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை அளவு உண்டு. அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் ஒவ்வொன்றையும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை வாசிப்பவர் இவற்றால் தீர்மானிக்கிறார். கீழ்ச் சட்டங்களை மட்டும் இழுத்தால் தடித்த, மங்கிய ஒலி. எல்லாவற்றையும் இழுத்தால் தேவாலயம் நிறைந்த முழக்கம்.

நீங்கள் தேடிக் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, விரல் விசையைத் தொடும் கணத்தில் எழும் சிறு "டக்" ஓசை. உள்ளே இருக்கும் மின்தொடுப்புகள் ஒரே நொடியில் சேராததால் வரும் இந்த ஓசையை ஹாமண்ட் பொறியாளர்கள் குறையாகவே கருதினார்கள். ஜாஸ் கலைஞர்களுக்கோ அது மிகவும் பிடித்துப்போயிற்று. எமர்சனின் வேக வாசிப்பு மணி மணியாகத் தனித்து விழுவதற்கு இந்த ஓசையும் ஒரு காரணம். இரண்டாவது, பெர்கஷன் என்னும் வசதி. சுரத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒரு கணீர் ஒலியைச் சேர்த்துவிட்டு அது உடனே மறைந்துவிடும். எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு மீண்டும் தொட்டால்தான் மறுபடி ஒலிக்கும் என்பதால், எமர்சன் எங்கே விரலை எடுக்கிறார், எங்கே இழைத்து வாசிக்கிறார் என்பதை இதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். மூன்றாவது, ஒலியின் உரசல். தேவாலய ஆர்கன் உரசாது; ராக் ஆர்கன் உரசும். ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மீறி உந்தும்போது எழும் அந்தக் கரகரப்புதான் கிட்டாரின் வேலையை ஆர்கன் எடுத்துக்கொள்ள இடம் தந்தது.

எமர்சன் மேடையில் இரண்டு ஹாமண்டுகளைப் பயன்படுத்தினார். பெரியதான சி-3 வாசிப்பதற்கு. சிறியதான எல்-100 வதைப்பதற்கு. எல்-100இன் உள்ளே எதிரொலிக்காக ஒரு சுருள்கம்பி இருக்கும். கருவியைச் சாய்த்து உலுக்கினால் அந்தக் கம்பி மோதி இடிபோல் அதிரும். மோட்டாரை நிறுத்திவிட்டால் சக்கரங்கள் மெதுவாகி, பிடித்திருக்கும் சுரம் முனகிக்கொண்டே கீழிறங்கும். விசைகளுக்கு நடுவே அவர் குத்திய கத்திகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவை வெறும் வேடிக்கைக்காக மட்டும் குத்தப்பட்டவை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். கத்தி விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்தச் சுரம் தம்புராவைப் போல நின்று ஒலிக்கும். இரண்டு கைகளும் மற்ற ஆர்கனுக்குப் போகலாம். மேடைப் பதிவுகளில் நீண்டு நிற்கும் ஒரு சுருதியும் அதன்மேல் அலையும் சத்தங்களும் கேட்டால், அங்கே என்ன நடக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

முதல் இணை: ரோண்டோ

1968இல் கிடைத்த முதல் ஆல்பத்தின் பெயர் "தி தாட்ஸ் ஆஃப் எமர்லிஸ்ட் டேவ்ஜாக்". நால்வரின் பெயர்களையும் வெட்டி ஒட்டிச் செய்த ஒரு கற்பனை மனிதர் அவர். அதில் உள்ள "ரோண்டோ"வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் முன்பாக, டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு 1959இல் வெளியிட்ட "புளூ ரோண்டோ அ லா துர்க்" என்னும் மூலத்தை ஒருமுறை கேட்டுவிடுவது அவசியம். மூலம் ஒன்பது எண்ணிக்கையில் அமைந்தது. கைகளால் தட்டிப் பாருங்கள்: "தக தக தக தகிட" என்று மூன்று முறை, பிறகு "தகிட தகிட தகிட" என்று ஒரு முறை. நம் சங்கீர்ணத்தில் ஒன்பதைப் பெரும்பாலும் நான்கும் ஐந்துமாகப் பிரித்து "தகதிமி தகதகிட" என்று சொல்லிப் பழகியிருப்போம். இங்கே பிரிப்பு வேறு, அதனால் தொடக்கத்தில் கை தடுமாறும். இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளத்திலிருந்து புரூபெக் எடுத்தது அது.

தி நைஸ் அந்த மெட்டை எடுத்து நான்கு எண்ணிக்கையில், சதுஸ்ரமாக, நேராக நிமிர்த்திவிட்டார்கள். ஒன்பதின் நொண்டல் போய், பாஸ் கிட்டாரின் குதிரை ஓட்டம் வந்து சேர்ந்தது. இது இழப்பா, ஆதாயமா என்று கேட்டால், தாளத்தின் அழகு போயிற்று, ஆட்டத்தின் வேகம் கிடைத்தது என்றுதான் சொல்வேன். ஆல்பத்தில் புரூபெக்கின் பெயரைப் போடாமல், நால்வரும் தங்கள் பெயரையே போட்டுக்கொண்டதை மட்டும் நியாயப்படுத்த முடியாது.

இப்போது இணையின் மறுபாதிக்கு வாருங்கள். 1969இல் வந்த, வெறுமனே "நைஸ்" என்று பெயரிடப்பட்ட மூன்றாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில், நியூயார்க்கின் பில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான "ரோண்டோ 69" இருக்கிறது. ஓலிஸ்ட் இல்லை. முதல் பதிவில் ஆர்கனுக்கு எதிராக நின்று மல்லுக்கட்டிய கிட்டாரின் இடம் காலியாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தை எமர்சனின் இடது கையும், டேவிசனின் சிம்பல்களும், ஜாக்சனின் கடும் பாஸும் எப்படிப் பங்கிட்டு நிரப்புகின்றன என்பதைக் கவனியுங்கள். முதல்முறை கேட்கும்போது ஆர்கனைத் தொடராதீர்கள். பாஸை மட்டும் தொடருங்கள். இரண்டாம் முறை ஆர்கனுக்கு வாருங்கள். கிட்டார் இல்லாத ராக் மும்மூர்த்திகள் என்ற வடிவம், பின்னாளில் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு உலகெங்கும் கொண்டுசென்ற வடிவம், இந்த எட்டு நிமிடங்களில் ஏறத்தாழ முழுமையாக உருவாகிவிட்டது.

இரண்டாம் இணை: அமெரிக்கா

லெனர்ட் பெர்ன்ஸ்டைன் "வெஸ்ட் சைட் ஸ்டோரி" இசை நாடகத்துக்காக அமைத்த "அமெரிக்கா" பாடலை, தி நைஸ் 1968இல் சிங்கிளாக, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டாக, வெளியிட்டது. சிங்கிள்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டாத காலத்தில் இது ஆறு நிமிடத்துக்கும் மேல் நீண்டது. ஆனாலும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 21ஆம் இடம் வரை போயிற்று. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலிலும் ராபர்ட் கென்னடி ஜூனிலும் கொல்லப்பட்ட ஆண்டு அது. வியட்நாம் போரும் உச்சத்தில் இருந்தது. வாத்திய இசையாலேயே ஆன எதிர்ப்புப் பாடல் என்று இதை எமர்சன் விவரித்தார். அமெரிக்காவின் பெருமையைக் கேலியும் ஆசையுமாகப் பேசும் பெர்ன்ஸ்டைனின் மெட்டோடு, அமெரிக்காவில் தங்கியிருந்தபோது டுவோர்ஷாக் எழுதிய "புதிய உலகம்" சிம்பொனியின் இசையையும் அவர்கள் பிணைத்திருப்பதைக் காதில் வாங்குங்கள். இறுதியில் ஒரு சிறு குழந்தையின் குரல் சில சொற்களைப் பேசும், அது பி. பி. ஆர்னால்டின் மகனுடையது. அந்தக் குரலுக்காகவாவது ஸ்டுடியோ பதிவைக் கடைசி நொடி வரை கேட்க வேண்டும்.

இதே ஆண்டு ஜூனில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் இதை வாசித்தபோது, எமர்சன் அமெரிக்கக் கொடியின் ஓவியம் ஒன்றை மேடையிலேயே எரித்தார். அரங்கம் குழுவுக்குத் தடை விதித்தது. (எமர்சன் 1992இல் தம் அடுத்த குழுவுடன் அதே அரங்கில் வாசித்தார் என்பது தனிக்கதை.)

இணையின் மறுபாதி 1971இல், குழு கலைந்த பிறகு வந்த "எலெஜி" ஆல்பத்தில் இருக்கிறது. பில்மோர் ஈஸ்டில் பதிவானது, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுவது. ஸ்டுடியோ பதிவு ஒரு கட்டுரை என்றால் இது ஒரு சண்டை. மெட்டு எங்கே கலைந்து சத்தமாகிறது, அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து மெட்டு மறுபடி எப்போது தலைகாட்டுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே கேளுங்கள். நடுப்பகுதி சற்று நீளம்தான். நேரில் பார்த்தவர்களுக்கு அங்கே கத்தியும், சாய்ந்த ஆர்கனும் கண்ணுக்கு இருந்தன. நமக்குக் காது மட்டுமே இருக்கிறது.

ஆர்க்கெஸ்ட்ராவோடும் இல்லாமலும்

அடுத்த இரண்டு இணைகளையும் சேர்த்தே கேட்கலாம். ஒன்று இசையமைப்பாளர் சிபேலியஸின் "கரேலியா" தொகுதியின் இண்டர்மெசோ, அதாவது இடையிசை. மற்றொன்று சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியான "பதெடிக்"கின் மூன்றாம் பகுதி. தற்செயலாக இரண்டு மூலங்களும் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இண்டர்மெசோவை 1968இல் வந்த இரண்டாம் ஆல்பமான "ஆர்ஸ் லோங்கா விட்டா பிரெவிஸ்"இல் குழு தனியாக வாசிக்கிறது. "பதெடிக்"கை "எலெஜி"யில் மூவராக வாசிக்கிறார்கள். இரண்டையும் ஆர்க்கெஸ்ட்ராவோடு கேட்க, "ஃபைவ் பிரிட்ஜஸ்" ஆல்பத்துக்குப் போக வேண்டும். 1969 அக்டோபர் 17 அன்று குரோய்டனின் பேர்பீல்டு அரங்கில், ஜோசப் ஈகர் நடத்திய சின்போனியா ஆஃப் லண்டனோடு பதிவான கச்சேரி அது.

கேட்கும் முறை இதுதான்: முதலில் மூலத்தை எந்த ஆர்க்கெஸ்ட்ராவின் பதிவிலாவது கேளுங்கள், பிறகு மூவரின் பதிவு, கடைசியாக குரோய்டன் கச்சேரி. "கரேலியா"வின் இண்டர்மெசோ தொலைவிலிருந்து நெருங்கி வந்து கடந்துபோகும் ஓர் ஊர்வலத்தைப் போன்றது. பித்தளை வாத்தியங்கள் மெல்லத் தொடங்கி நிறைந்து மீண்டும் தேய்கின்றன. ஆர்கனில் அந்த நெருங்கி வருதலைக் காட்டுவது எளிது, ஏனெனில் காலடியில் இருக்கும் ஒலிமிதியை மெல்ல அழுத்தினால் போதும். "பதெடிக்" வேறு வகை. பரபரப்பாக ஓடும் சிறு சுரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு அணிவகுப்பு மெட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைதூக்கி, கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சிம்பொனி முடிந்துவிட்டது என்று எண்ணிச் சபையினர் கைதட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. இந்த ஓட்டத்தை மூவராக வாசிக்கும்போது எமர்சனின் விரல்கள் ஒரு தந்தி வாத்தியக் கூட்டத்தின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது, அவை செய்தும் விடுகின்றன.

ஆர்க்கெஸ்ட்ராவோடான பதிவுகள் புகழ்பெற்றவை. என் மதிப்பீடு சற்று வேறு. அவற்றில் ஆர்க்கெஸ்ட்ராவும் குழுவும் ஒன்றாக வாசிக்கும் இடங்களைவிட, ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்கும் இடங்களே மிகுதி. சவால் கச்சேரிபோலப் பந்து மாறி மாறிப் போகிறதே தவிர, இரண்டு ஒலிகளும் கலப்பதில்லை. குழு நுழையும் கணத்தில் எழும் சிலிர்ப்பு உண்மையானது. ஆனால் முழு உருப்படியாக எடுத்துக்கொண்டால், "எலெஜி"யின் மூவர் பதிவே கட்டுக்கோப்பானது.

ஐந்து பாலங்கள்

இணை இல்லாமல் தனியாகக் கேட்க வேண்டிய ஒரே படைப்பு, அந்த ஆல்பத்துக்குப் பெயர் தந்த "ஃபைவ் பிரிட்ஜஸ்" தொகுப்பு. நியூகாசில் கலை விழாவுக்காக எழுதப்பட்டு, குரோய்டனுக்கு ஒரு வாரம் முன்பாக நியூகாசில் சிட்டி ஹாலில் அரங்கேறியது. டைன் ஆற்றின்மேல் அப்போது அந்நகரில் ஐந்து பாலங்கள் இருந்தன. பாடியவரான ஜாக்சன் அந்த ஊர்க்காரர். ஐந்து பகுதிகளில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவர் பாடுவது அந்த ஆற்றையும் ஊரையும் பற்றியே. ஜாக்சனின் குரல் கரடுமுரடானது, மற்ற இடங்களில் எனக்கு அது ஒத்துவருவதில்லை. சொந்த ஊரைப் பாடும்போது மட்டும் அந்தக் கரடு பொருந்திப்போகிறது.

நான்காம் பகுதியான "ஹை லெவல் ஃபியூக்" தவறவிடக் கூடாதது. 1849இல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ஹை லெவல் பாலத்தின் பெயர் கொண்டது. இங்கே எமர்சன் ஆர்கனை விட்டுப் பியானோவுக்கு வருகிறார். ஃபியூக் என்பது ஒரு சிறு மெட்டை முதலில் ஒரு குரல் தனியாகத் தொடங்க, அதே மெட்டை வேறொரு சுருதியில் இரண்டாம் குரல் துரத்தி நுழைய, முதல் குரல் அதற்கு எதிராக வேறொன்றை நெய்துகொண்டே போகும் வடிவம். மெட்டு எத்தனையாவது முறையாக நுழைகிறது என்று விரல்விட்டு எண்ணிக் கேட்டால் பிடிபட்டுவிடும். இறுதிப் பகுதியில் ஜோ ஹாரியட், கென்னி வீலர், ஆலன் ஸ்கிட்மோர் முதலிய பிரிட்டன் ஜாஸ் உலகத்தின் பெரிய ஊதுகலைஞர்கள் சேர்கிறார்கள். இந்தத் தொகுப்பில் உண்மையாகவே கலப்பு நிகழ்வது ஆர்க்கெஸ்ட்ராவிடம் அல்ல, இவர்களிடம்தான்.

1970 மார்ச்சில் குழு கலைந்தது. அதற்குச் சற்று முன்பு, ராயல் பெஸ்டிவல் அரங்கக் கச்சேரிக்காக எமர்சன் மூக் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி ஒன்றை இரவல் வாங்கி வாசித்திருந்தார். அடுத்த குழுவின் ஒலி எங்கே போகப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. ஜூனில் "ஃபைவ் பிரிட்ஜஸ்" வெளியாகி பிரிட்டனில் இரண்டாம் இடத்தைப் பிடித்தபோது, ஏற்கெனவே கலைந்துபோன ஒரு குழுவின் ஆல்பத்தைத்தான் இரசிகர்கள் வாங்கினார்கள். ஜாக்சனும் டேவிசனும் பின்னர் பேட்ரிக் மொராஸ் என்னும் சுவிஸ் கலைஞரோடு ரெஃப்யூஜி என்ற குழுவில் சேர்ந்து 1974இல் ஓர் ஆல்பம் தந்தார்கள். ஆர்கன் மூவர் வடிவம் எமர்சன் இல்லாமலும் நிற்குமா என்று அறிய விரும்புகிறவர்கள் அதையும் கேட்கலாம்.

இவை எல்லாம் பழகிய பிறகு மிச்சமிருக்கும் பாடல்களுக்குத் திரும்பலாம். டிம் ஹார்டினின் "ஹேங் ஆன் டு எ டிரீம்" ஐந்தாவது இணை: மூன்றாம் ஆல்பத்தில் அடக்கமான ஐந்து நிமிடம், "எலெஜி"யில் பியானோவில் பரந்து விரியும் பன்னிரண்டு நிமிடம். இரண்டாம் ஆல்பத்தின் முதல் பக்கத்து வேடிக்கைப் பாட்டுகளை ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடலாம். அதே ஆல்பத்தின் இரண்டாம் பக்கத் தொகுப்பில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை ராக் தாளத்தில் ஓட்டும் பகுதிக்கு மட்டும் அடிக்கடி திரும்பி வருவீர்கள். அடுத்த முறை முதல் ஆல்பத்து "ரோண்டோ"வை எடுக்கும்போது, ஓலிஸ்டின் கிட்டார் எமர்சனை எங்கெல்லாம் குறுக்கே மறிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பில்மோர் பதிவைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்தக் குறுக்கீடுகள் ஒவ்வொன்றும் முதல்முறையைவிடத் தெளிவாக விழும்.